புத்தகத்தை மூடிய பிறகு

1970களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்க்லி வளாகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆய்வு மாணவரை ஒரு கேள்வி விடாமல் துரத்தியது. முதலாம் ஆண்டு நுண்கணித வகுப்பில் சேரும் கறுப்பின மாணவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் 'டி' அல்லது 'எஃப்' என்ற கடைசித் தரங்களையே வாங்கிக்கொண்டிருந்தார்கள். நுண்கணிதத்தில் வழுக்கிவிட்டால் பொறியியலும் இயற்பியலும் மருத்துவமும் எட்டாமல் போகும். இந்தப் பிள்ளைகள் ஊர்சுற்றிகளும் அல்லர். அவரவர் பள்ளியில் முதலிடம் பிடித்தவர்கள், ஆசிரியர்கள் பெயர்சொல்லிப் பெருமைப்பட்ட மாணவர்கள். அப்படியானால் எங்கே இடறுகிறார்கள்?

ட்ரைஸ்மன் முதலில் பேராசிரியர்களிடம் கேட்டார். நான்கு காரணங்கள் திரும்பத் திரும்ப வந்தன. படிக்கும் ஆர்வம் குறைவு, பள்ளியில் போட்ட அடித்தளம் போதாது, வீட்டில் படிப்புக்கு ஆதரவில்லை, வறுமை. நம்மூர்க் கல்லூரி ஆசிரியர் அறைகளில் இதே நான்கையும் இன்றைக்கும் கேட்கலாம். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த ட்ரைஸ்மனுக்கு வியப்பு காத்திருந்தது. ஒன்றுகூட நிற்கவில்லை. பிள்ளை பிறக்கும் முன்பே அதைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்திருந்த பெற்றோர்கள் இருந்தார்கள். ஆர்வத்துக்கும் பஞ்சமில்லை.

அதன்பின் அவர் செய்ததுதான் முக்கியம். 20 கறுப்பின மாணவர்களையும், அதே பாடத்தில் நன்றாகத் தேறிக்கொண்டிருந்த சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேரையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தே பார்க்கத் தொடங்கினார். விடுதி அறை, நூலகம் என்று அவர்கள் போகும் இடமெல்லாம் போனார்; படிப்பதைப் படம்பிடித்தார்.

கறுப்பின மாணவர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் படித்தார்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரப் படிப்பு என்று பல்கலைக்கழகம் சொன்ன கணக்கு அது. வகுப்புக்குத் தவறாமல் வந்தார்கள், வீட்டுப்பாடத்தை உரிய நாளில் கொடுத்தார்கள். ஆனால் 20 பேரில் 18 பேர் வகுப்புத் தோழர் எவருடனும் சேர்ந்து படித்ததே இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காருவதுதான் பள்ளியில் அவர்களைக் காப்பாற்றிய பழக்கம். அதைக் கல்லூரிக்கும் எடுத்து வந்தார்கள். எல்லாம் சரியாகப் போகிறது என்றே நம்பினார்கள். தேர்வுத்தாள் திரும்பி வந்தபோதுதான் தலையில் இடி விழுந்தது.

சீன மாணவர்களின் வாரம் வேறு மாதிரி இருந்தது. அவர்களும் எட்டு முதல் பத்து மணி நேரம் தனியாகவே உழைத்தார்கள். பிறகு மாலையில் ஒன்றுகூடினார்கள். சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடங்கள் கை மாறின. ஒருவர் விடையை இன்னொருவர் திருத்தினார். பழைய தேர்வுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். சில நேரம் மேல்வகுப்பில் படிக்கும் அண்ணனோ உறவினரோ வந்து கேள்வி கேட்டுச் சோதித்தார். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், அது கணக்கின் கடினம்தான், தன் மூளையின் குறை இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. தனியறையில் இருந்தவனுக்கு அந்த ஆறுதல் கிடைக்க வழியில்லை. அவன் தன்னையே நொந்துகொண்டான்.

இதைக் கண்டபிறகு ட்ரைஸ்மன் ஒரு பட்டறையை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த விதி இன்றைக்கும் யோசிக்கத் தக்கது. 'பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு' என்ற பெயரை அதற்குப் பக்கத்தில்கூட வர விடவில்லை. திறமைசாலிகளுக்கான வகுப்பு என்றே அழைத்தார். வழக்கமான பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசிப் போடச் சொன்னார். பட்டறைக்கு வந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் வராத தோழர்களை மட்டுமா முந்தினார்கள்? வெள்ளையின, ஆசிய மாணவர்களின் சராசரியையும் தாண்டினார்கள். நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதியில் 600க்குச் சற்று மேல் வாங்கியிருந்தவர்கள், 750ஐ ஒட்டி வாங்கியவர்களுக்குச் சமமாக வந்தார்கள். 1988இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் இதே முறையைத் தொடங்கியது. பிறகு பல வளாகங்களுக்கு அது பரவியது.

மணிக்கணக்கு மட்டும் மதிப்பெண்ணைத் தீர்மானித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது. உட்கார்ந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதே விளைவை மாற்றியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்த மாணவர்களுக்கு அன்றாடம் ஒன்று நடந்தது. தனக்குத் தெரியாதது எது என்பது தேர்வுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

தெரிந்ததுபோல் தோன்றுவதற்கும் உண்மையில் தெரிந்திருப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியை ஆய்வுக்கூடத்தில் அளந்தவர்கள், செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும். 2006இல் வெளிவந்த அவர்களுடைய சோதனை எளிமையானது. கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு அறிவியல் கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தபின் நினைவில் இருப்பதையெல்லாம் மூன்று முறை வெற்றுத்தாளில் எழுதியது. சரியா தவறா என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது நான்கு தடவை படித்தவர்களே வென்றார்கள். அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது; எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது படம் தலைகீழானது. நான்கு தடவை படித்தவர்களிடம் 40 சதவீதமே மிஞ்சியிருந்தது. ஒரு தடவை படித்து மூன்று தடவை எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம் இருந்தது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, நான்கு தடவை படித்த குழுதான் அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது.

மறுபடி மறுபடி படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. கண் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்தச் சரளத்தை மனம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் தேர்வு அறையில் புத்தகம் இருக்காது. அங்கே தேவைப்படுவது உள்ளேயிருந்து வெளியே எடுக்கும் திறன். படிப்பு முழுவதும் வெளியேயிருந்து உள்ளே போடுவதாகவே நடந்திருக்கிறது. நீச்சல்குளத்தின் கரையில் உட்கார்ந்து பிறர் நீந்துவதைப் பார்த்துவிட்டு ஆழத்தில் குதிப்பதற்கு ஒப்பானது இது.

"ராத்திரி முழுக்கப் படிச்சேன் சார், ஹாலுக்குப் போனதும் எல்லாம் மறந்துபோச்சு" என்று மாணவர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்கள் உண்மையாகவே படித்தார்கள். எடுத்துப் பார்க்கத்தான் இல்லை.

மாணவர்களில் எத்தனை பேர் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்கிறார்கள்? அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 177 மாணவர்களிடம் படிக்கும் வழியைக் கேட்டு 2009இல் வெளியிட்டார்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதாகச் சொன்னவர்கள் 84 சதவீதம். பார்க்காமல் நினைவுகூர்ந்து பார்ப்பதாகத் தாங்களாகச் சொன்னவர்கள் 11 சதவீதம் மட்டுமே. பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் நிலையே இது. 2013இல் ஜான் டன்லாஸ்கி தலைமையிலான உளவியலாளர்கள் மாணவர்கள் கையாளும் பத்து வழிமுறைகளை எடுத்து, அவற்றைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். உயர்ந்த மதிப்பு பெற்றவை இரண்டே. ஒன்று தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, மற்றொன்று படிப்பை நாட்களில் பிரித்துப் போடுவது. மஞ்சள் ஹைலைட்டரால் அடிக்கோடிடுவதும் திரும்ப வாசிப்பதும் சுருக்கம் எழுதுவதும் கடைசி வரிசைக்குப் போயின. ஜெராக்ஸ் தாள் முழுவதும் மஞ்சளும் பச்சையுமாக மின்னும் மேசைகளை நினைத்துப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அத்தனை உழைப்பும் மிகக் குறைவான பலன் தரும் இடத்தில் கொட்டப்படுகிறது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். பார்க்காமல் எழுதிப் பார்ப்பதும் மனப்பாடம்தானே, புரிதல் எங்கே வருகிறது? கார்பிக்கி பர்டூ பல்கலைக்கழகத்துக்குப் போனபின் இதையும் சோதித்தார். ஒரு குழு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கருத்துகளைக் கட்டங்களும் கோடுகளுமாக இணைத்து வரைந்தது. இன்னொரு குழு படித்தது, மூடியது, நினைவிலிருந்து எழுதியது, மறுபடி படித்து மறுபடி எழுதியது. ஒரு வாரம் கழித்து, கட்டுரையில் நேரடியாக இல்லாத, ஊகித்து எழுத வேண்டிய கேள்விகளையும் கேட்டார்கள். அதிலும் எழுதிப் பார்த்த குழுவே முன்னால் நின்றது. 2011இல் வந்த ஆய்வு இது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. மூடிய புத்தகத்தின் முன் உட்கார்ந்து ஒரு கருத்தைச் சொந்தச் சொற்களில் கட்டியெழுப்ப முயல்பவர், எது எதனோடு சேர்கிறது என்று யோசிக்காமல் ஒரு வரிகூட எழுத முடியாது. பத்தியை அப்படியே ஒப்பிக்கும் நெட்டுருவில் இந்த யோசனைக்கு இடமே இல்லை.

பிரித்துப் படிப்பதன் வரலாறு இன்னும் பழையது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கிட்டார். சோதித்தவரும் அவரே, சோதிக்கப்பட்டவரும் அவரே. 1885இல் வெளிவந்த அவருடைய நூல், மறதி முதல் சில மணி நேரத்தில் பாய்ந்து வந்து பிறகு நிதானமடைகிறது என்று காட்டியது. ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் நழுவுகிறது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. அதன்பின் ஒரு மாதம் வரை இழப்பு மெல்ல மெல்லத்தான் கூடுகிறது. பொருளுள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது என்றாலும் போக்கு இதுதான். பாடம் நடந்த அன்று மாலை பத்து நிமிடம் திரும்பிப் பார்ப்பது ஏன் இவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

எவ்வளவு இடைவெளி விடுவது? 1,350க்கும் மேற்பட்டோரை வைத்து 2008இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, அது தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றது. இரண்டாம் முறை படித்ததிலிருந்து ஒரு வாரத்தில் தேர்வென்றால் இரண்டு படிப்புகளுக்கும் நடுவே ஒரு நாள் போதும். ஐந்து வாரத்தில் தேர்வென்றால் பத்து, பதினோரு நாள் விட்டுப் படிப்பது நல்லது. செமஸ்டரின் கடைசியில் கிடைக்கும் ஸ்டடி ஹாலிடேஸ் நாட்களில் ஐந்து யூனிட்டுகளையும் முதன்முதலாகத் திறப்பவருக்கு இந்தக் கணக்கில் எந்த இடைவெளியும் மிச்சமில்லை. மறுநாள் தேர்வில் ஓரளவு எழுதிவிடலாம். ஆனால் இந்த செமஸ்டர் கணிதத்தின் மேல்தான் அடுத்த செமஸ்டரின் மின்சுற்று நிற்கிறது. கரைந்துபோன அடித்தளத்தின் விலையை அங்கே அரியராகக் கட்ட வேண்டியிருக்கும்.

கணக்குப் பாடங்களில் இன்னொரு பொறி உண்டு. புத்தகத்தில் ஒரு தலைப்பின் கீழ் ஒரே வகைக் கணக்குகள் இருபது வரும். முதல் இரண்டு பழகிவிட்டால் மிச்சம் பதினெட்டும் கை தானாகப் போடும். எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே தேவையில்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காணக் கற்றார்கள். வகைவகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். எல்லாவற்றையும் கலந்து பயின்றவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழுவுக்கு 20 சதவீதம், கலந்து பயின்ற குழுவுக்கு 63 சதவீதம். பயிற்சியில் திணறியவர்கள் தேர்வில் மூன்று மடங்கு வாங்கினார்கள்.

எல்லா ஆய்வுகளிலும் இதே செய்திதான். நன்றாகப் படிக்கும்போது மனத்துக்கு நன்றாக இருப்பதில்லை. 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் இதை நேரடியாகவே பார்த்தார்கள். மெருகேறிய விரிவுரையைக் கேட்டவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். சிறு குழுக்களாகக் கணக்குகளோடு மல்லுக்கட்டியவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வில் அதிகம் வாங்கியவர்கள் மல்லுக்கட்டியவர்களே. பத்து நிமிடம் வெற்றுத்தாளின் முன் எதுவும் வராமல் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும். அந்தத் திணறல் தோல்வியின் அடையாளம் என்று நினைத்துப் பலர் மறுபடி புத்தகத்தைத் திறந்து வாசிப்பின் சுகத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுச் சூழலுக்கு வந்தால், நம்மிடம் கைக்கெட்டும் தூரத்திலேயே ஒரு நல்ல கருவி கிடக்கிறது. பழைய வினாத்தாள். அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த எந்த மாணவருக்கும் முதல் செமஸ்டர் முடிவதற்குள் கேள்வி வங்கியும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் கைக்கு வந்துவிடும். பெர்க்லியில் சீன மாணவர்கள் மேசை மேல் விரித்து வைத்ததும் பழைய தாள்களைத்தான். வேறுபாடு பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. நம் மாணவர் கேள்வியையும் அதற்குக் கீழே அச்சாகியிருக்கும் விடையையும் சேர்த்து வாசிக்கிறார். டூ மார்க் கேள்விகளை வரிசையாகக் கண்ணால் ஓட்டுகிறார். 'முக்கியக் கேள்விகள்' என்று வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலுக்கு வெளியே பார்ப்பதே இல்லை. அதே கேள்வி வங்கியில் விடைப் பகுதியை ஒரு தாளால் மறைத்துவிட்டு, எழுதிப் பார்த்து, பிறகு ஒப்பிட்டால் அது முதல் தரமான பயிற்சியாகிவிடும். காசு செலவில்லை, செயலி தேவையில்லை.

குறிப்பெடுப்பதிலும் இப்படித்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் பரப்பிய குறிப்புமுறை இன்று உலகெங்கும் பெயர்பெற்றது. பக்கத்தின் இடப்புறம் ஒரு குறுகிய பத்தியை விட்டு அதில் கேள்விகளோ குறிச்சொற்களோ எழுத வேண்டும். பலர் அதை அழகான பக்க அமைப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த இடப்பத்தியின் நோக்கமே வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, குறிச்சொல்லை மட்டும் பார்த்து விடை சொல்வதுதான். மூடாவிட்டால் அது வெறும் கோடு போட்ட தாள்.

பெயர்கள், வரையறைகள், வேதிச் சமன்பாடுகள், மருந்துகளின் பக்கவிளைவுகள் என்று நிறைய நினைவில் வைக்க வேண்டிய படிப்புகளுக்கு, செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1970களின் தொடக்கத்தில் சொன்ன பெட்டி முறை இன்னும் வேலை செய்கிறது. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை இனிமேல் அடிக்கடி எடுக்க வேண்டியதில்லை. தவறாகச் சொன்னது முதல் அறைக்குத் திரும்பும், தினமும் எடுக்க வேண்டும். மருத்துவ மாணவர்கள் இன்று கைப்பேசியில் பயன்படுத்தும் 'ஆன்கி' போன்ற செயலிகள் இதே கருத்தின் மின்னணு வடிவங்கள்தாம்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்.ஐ.டி.யில் ஒரு வேதியியல் வகுப்பு மாணவர்களின் கையில் ஃபிட்பிட் பட்டையைக் கட்டி செமஸ்டர் முழுவதும் தூக்கத்தை அளந்தார்கள். 2019இல் வெளிவந்த முடிவின்படி, மாணவர்களுக்கிடையே மதிப்பெண்ணில் இருந்த வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்கு தூக்கத்தின் அளவோடும் தரத்தோடும் ஒழுங்கோடும் சேர்ந்து சென்றது. தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் நன்றாகத் தூங்கியதற்கும் மதிப்பெண்ணுக்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. முந்தைய வாரங்களின் தூக்கமே கணக்கில் வந்தது. இரவு 2 மணிக்கு மேல் படுப்பவர்களின் மதிப்பெண் சரிந்தது. விடுதிகளில் நள்ளிரவுக்குப் பிறகுதான் பேச்சும் தேநீரும் சூடுபிடிக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பின் கனம் புரியும்.

இனி, தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். 2010 முதல் தொழிற்கல்வியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கிறது. 2020இல் மருத்துவத்திலும், அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். இது இந்த மாநிலம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் கதவைத் திறந்துவிட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. பெர்க்லியில் மேசைக்கு வந்து கேள்வி கேட்ட அந்த அண்ணன் இந்தப் பிள்ளைகளின் வீட்டில் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்துவிட்டு ஒரே நாளில் ஆங்கிலப் பாடநூலின் முன் உட்காருகிறார்கள். பொருள் பிடிபடாத வரியைப் படியெடுத்ததுபோல் நெட்டுருப் போடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை. வகுப்பில் கையை உயர்த்தி ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கக் கூச்சம். அதனால் அறைக்குள் ஒதுங்குகிறார்கள். ட்ரைஸ்மன் கண்ட அதே சாத்திய கதவு.

இவர்களுக்குக் குரூப் ஸ்டடி இருமடங்கு பயன் தரும். 'என்ட்ரோபி'யையோ 'கெபாசிட்டரை'யோ தோழனிடம் தமிழில் விளக்கிச் சொல்ல முடிந்தால் கருத்து கைக்கு வந்துவிட்டது என்று பொருள். அதன்பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது மொழிப் பயிற்சி. அதைத் தனியாகச் செய்துகொள்ளலாம். இரண்டையும் ஒரே மூச்சில் விழுங்க முயல்வதுதான் மூச்சை முட்டுகிறது. 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் குடிசார், இயந்திரப் பொறியியல் படிப்புகள் தமிழ்வழியிலும் நடக்கின்றன. அதற்கான தமிழ்ப் பாடப்பொருள்களை ஆங்கிலவழி மாணவரும் முதல் வாசிப்புக்குக் கையில் எடுப்பதில் எந்த இழுக்கும் இல்லை.

ஆனால் குரூப் ஸ்டடி என்ற பெயரில் நடப்பதெல்லாம் படிப்பாகிவிடாது. நான்கு பேர் கூடி, நன்றாகப் படிக்கும் ஒருவர் சொல்ல மற்ற மூவர் தலையாட்டினால் கற்பவர் அந்த ஒருவர் மட்டுமே. பெர்க்லி மாணவர்கள் கூடுவதற்கு முன் தனியாக மணிக்கணக்கில் முயன்றிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. முயன்று பார்த்த தாளோடு வருவதும், ஒவ்வொருவரும் தன் முறைக்கு எழுந்து விளக்குவதும், யாருடைய தவறையும் கேலி செய்யாமல் இருப்பதும்தான் ஒரு குழுவைப் படிக்கும் குழுவாக வைத்திருக்கும். தனியாகச் செய்தாலும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். வகுப்பு முடிந்த மாலை, நோட்டைத் திறக்காமல் இன்று என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதுவது. விடுபட்டதை வேறு நிற மையில் சேர்ப்பது. அடுத்த வாரம் அதே பக்கத்தின் தலைப்பை மட்டும் பார்த்து மறுபடி எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை பழைய யூனிட்டுகளிலிருந்தும் புதியதிலிருந்தும் கலந்து எடுத்த ஐந்தாறு கணக்குகள். எங்கே தவறியது, ஏன் தவறியது என்று குறித்துவைக்கும் ஒரு தனி நோட்டு.

வகுப்புக்குப் போவதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றுதான் தோன்றும். ஆனாலும் 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், கல்லூரி மதிப்பெண்ணை முன்கூட்டிக் கணிப்பதில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் பள்ளி மதிப்பெண்ணையும்விட வகுப்பு வருகையே வலுவானது என்று கண்டார்கள். 75 சதவீத வருகை விதியை வெறும் கெடுபிடியாக நினைக்கும் மாணவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவையும் மாணவர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டுக் கல்லூரிகள் ஒதுங்க முடியாது. முதலாம் ஆண்டின் தொடக்க விழாவில் சீருடை விதி, கைப்பேசி விதி, ராகிங் தடைச் சட்டம் எல்லாம் சொல்கிறார்கள். எப்படிப் படிப்பது என்று ஒரு மணி நேரம் சொல்லும் இடங்கள் அரிது. முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததும் 'ஸ்லோ லேர்னர்' என்று பட்டியல் போட்டு, அந்தப் பெயராலேயே மாலை வகுப்புக்கு அழைக்கும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. பட்டியலில் பெயர் வந்த மாணவி தோழியர் கண்ணில் படாமல் அந்த வகுப்புக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. அங்கேயும் பெரும்பாலும் அதே பாடத்தை அதே கரும்பலகையில் இன்னொரு தடவை நடத்துகிறார்கள். ட்ரைஸ்மன் இதற்கு நேர் எதிரானதைச் செய்து காட்டி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது.

இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. ஜூலை, ஆகஸ்டில் முதலாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கும்போது, வாரத்தில் இரண்டு மாலைகள் நான்கு வகுப்பறைகளைப் பூட்டாமல் விடுங்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். கடினமான பத்துக் கணக்குகளைத் தாளில் அச்சடித்துக் கொடுங்கள். அரியர் வைத்து மீண்டு வந்த மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரை அங்கே உட்காரச் சொல்லுங்கள். விடையை அவர்கள் சொல்ல வேண்டாம், கேள்வி மட்டும் கேட்கட்டும். தமிழில் பேசிக்கொள்ள அனுமதியுங்கள். அந்த அறைக்கு எந்தப் பட்டியலின் பெயரையும் வைக்காதீர்கள்.